பழைய நோட்டுகளும் பழைய மருமகளும்

போன வாரக் கதையில் அந்த மருமகளைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், தோளில் கனத்த பையோடு இன்னும் அப்படியே நிற்கிறாள். எதிரே மாமனார் வீடு. இரண்டு வருஷமாக அந்த வாசற்படியை அவள் மிதித்ததில்லை.

கோபித்துக்கொண்டு போனவள் இல்லை. யாரும் விரட்டவும் இல்லை. கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. இவளுக்கு இந்த ஊரில் வேலை. வாரம் தவறாமல் வந்தவன், மாதம் ஒருமுறை வந்தான். பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அம்மா வீட்டுக்கு ஒருநாள் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். உரக்க ஒரு சண்டைகூடப் போடாமல் பிரிந்த தம்பதி. போட்டிருந்தாலாவது சமாதானம் பேச ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அப்படியிருக்க, சில நாளுக்கு முன்னால் மாமனாரிடமிருந்து போன்.

"நகர அருங்காட்சியகத்துல என் பழைய பண நோட்டுகளுக்குன்னு தனியா ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போறாங்களாம். ஒழுங்கான பட்டியல் கேட்கிறாங்க. நீதான் போடணும். வேற எவன் கையும் அதுல படக்கூடாது."

அவள் ஓர் ஏல நிறுவனத்தின் பட்டியல் பிரிவில் இருக்கிறாள். பழைய வரைபடம், பழைய தபால்தலை, பழைய காகிதப் பணம் என்று எது வந்தாலும், எந்த நாடு, எந்த வருஷம், அசலா போலியா, எங்கே கிழிசல், எங்கே கறை என்று பார்த்து எழுதுவதுதான் பிழைப்பு. வேலையாகத்தானே கூப்பிடுகிறார் என்று அவளும் தலையாட்டிவிட்டாள். "உனக்கு வெட்கம் மானம் ஒண்ணும் கிடையாதா?" என்று அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சரி, இப்போது கதவு திறக்கிறது.

திறந்தவர் மாமியார். இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வா. அவர் மேல இருக்கார்."

அவ்வளவுதான். வேலை பார்த்த காலம் முழுவதும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவர். யாருக்கு அழைப்பு வந்ததோ அவருக்கு இணைத்தாகிவிட்டது, இனி தனக்கென்ன வேலை என்பதுபோல் சமையலறைக்குள் போய்விட்டார்.

மாமனாரோ கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பேச்சைக் கடத்தியே ஆயுளைக் கழித்த இரண்டு பேர் குடித்தனம் நடத்திய வீடு அது. தங்களுக்குள் பேசிக்கொள்வது என்னவோ குறைவுதான்.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் அந்தக் கண்ணாடிச் சட்டம் அப்படியே தொங்கியது. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. உள்ளே ஒரே ஒரு பச்சை நோட்டு, அதன்மேல் வட்டமாக ஓர் ஊதா முத்திரை. வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே நிறுத்திக் கதை சொல்லாமல் மாமனார் விடமாட்டார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூடக் கையில் ஸ்பேனரோடு நின்று முழுக் கதையையும் கேட்டிருக்கிறார்.

மேலே மாமனார் ஆல்பங்களை மேசைமேல் அடுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். தலை முன்பைவிட நரைத்திருந்தது. சட்டையைப் புதிதாகத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"வணக்கம் சார்," என்றாள்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா சாரு? இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"இல்ல... வேலையா வந்திருக்கேன். அதான்."

"அப்போ நான் உன்னை மேடம்னு கூப்பிடணும். எனக்கு அது வாயில வராது, இன்ஸ்பெக்டர்."

இன்ஸ்பெக்டர் என்பது அவர் வைத்த பெயர். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று, மணப்பெண்ணான இவள் அதில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பத்திரிகையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காகிதத்தின் நெசவைப் பார்த்தாள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி மாமா," என்றாள். சொன்ன பிறகுதான் தோள் இளகியது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து லென்ஸ், சின்ன விளக்கு, அளவுகோல், மழுங்கிய முனையுள்ள இடுக்கி, மடிக்கணினி எல்லாம் வெளியே வந்தன. மாமனார் ஆபரேஷன் தியேட்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

முதலில் ஜெர்மனி. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மறுபக்கம் வெள்ளையாக விட்ட நோட்டு.

"இது அச்சுப்பிழை. அதனால அரிய வகை," என்றார் மாமனார் பெருமையாக.

"பிழை இல்ல மாமா. விலைவாசி தறிகெட்டு ஏறின சமயம் இது. ரெண்டு பக்கமும் அடிக்க அவங்களுக்கு நேரமில்ல, அவசரம். அடிச்சு மை காயறதுக்குள்ள பணத்தோட மதிப்பு விழுந்துடும்."

"ஐந்து கோடின்னு போட்டிருக்கே!"

"அதை வச்சு அன்னைக்கு ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டிருந்தா அதிகம்."

அடுத்தது, அவர் 'ரஷ்யா' என்று சீட்டு எழுதிச் செருகிய பக்கம். அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன? சொல்லு, பரவாயில்ல."

"எழுத்து ரஷ்யா மாதிரிதான் இருக்கு. ஆனா பணத்தோட பேரு ரூபிள் இல்ல, லெவான்னு போட்டிருக்கு. இது பல்கேரியா."

மாமனார் நோட்டைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இத்தனை வருஷமா இவன் ரஷ்யாவுலதானே இருந்தான்!"

"இன்னைக்கு நாடு மாத்திட்டேன்."

"விசா இல்லாமலே," என்று அவர் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

இப்படியே வேலை ஓடியது. அவள் நீளம் அகலம் அளந்தாள், வெளிச்சத்தில் பிடித்து காகிதத்துக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறியைப் பார்த்தாள், தொடர் எண்ணைத் தட்டச்சு செய்தாள். எங்கே வாங்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். அவர் துறைமுகத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அங்கே அன்றைக்கு அடித்த காற்று, குடித்த காபி, கூட இருந்த சமையல்காரனின் குறட்டை எல்லாவற்றையும் சொன்னார். அவள் துறைமுகத்தை மட்டும் எழுதிக்கொண்டாள். ஆனால் எல்லாவற்றையும் கேட்டாள். அவளுடைய அலுவலகத்தில் இப்படிக் கதை சொல்ல யாரும் வருவதில்லை. ஆள் போன பிறகு பெட்டி மட்டும்தான் வரும்.

மதியம் நெருங்குகையில் மாமனார் எழுந்துபோய்ச் சட்டத்தை மாட்டியிருந்த ஆணியிலிருந்து இறக்கி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார்.

"நாயகனை இன்னும் எத்தனை நேரம் வெளிய நிக்கவைக்கிறது?"

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். முதல் உலகப் போர் முடிந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற பெரிய ராஜ்ஜியம் துண்டு துண்டாக உடைந்தது. ராஜ்ஜியம் உடைந்தாலும் அதன் நோட்டுகள் மக்கள் கையில் அப்படியே இருந்தன. ஆளுக்கொரு துண்டைப் பிடித்தவர்கள் அந்தப் பழைய நோட்டின்மேலேயே தங்கள் முத்திரையைக் குத்தி, இனி இது எங்கள் பணம் என்றார்கள். அப்படிக் குத்திய இடங்களில் ஒன்று ஃபியூமே என்கிற கடற்கரை நகரம். மாமனார் இளைஞராக இருந்தபோது, ஏதோ ஒரு துறைமுகத்தில், வயதான காபிக் கடைக்காரர் ஒருவரின் ரேடியோ ஊமையாகிக் கிடந்தது. இவர் கப்பலிலிருந்து கருவிகளைக் கொண்டுபோய் அதைப் பேசவைத்தார். கூலி வாங்க மறுத்தார். கிழவர் உள்ளே போய் இந்த ஃபியூமே நோட்டைக் கொண்டுவந்து சட்டைப் பையில் திணித்தார்.

சட்டத்தின் பின்பக்க ஆணிகளை மாமனாரே நெம்பி எடுத்தார். அட்டையோடு நோட்டு வெளியே வந்தது. அட்டையை ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, "நான் போய்க் கை கழுவிட்டு வரேன். நீ ஆசை தீரப் பாரு," என்று கீழே போனார்.

இத்தனை காலம் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததைக் கண்ணாடி இல்லாமல் அவள் முதன்முறையாகப் பார்த்தாள். அசல் நோட்டு. சந்தேகமே இல்லை. ஒரு பக்கம் ஜெர்மன், அதோடு ராஜ்ஜியத்தின் மற்ற மொழிகளெல்லாம் சின்ன எழுத்தில். மறுபக்கம் ஹங்கேரியம். அழகான அச்சு.

முத்திரைமேல் லென்ஸை நகர்த்தினாள். நகர்ந்த கை ஓரிடத்தில் நின்றது.

நோட்டின் வலது ஓரத்தில் ஒரு பழைய கிழிசல். யாரோ எப்போதோ அதற்கு செலோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் உதிர்ந்துபோய்ப் பசை மட்டும் மஞ்சள் பட்டையாக ஊறியிருக்கிறது. ஊதா முத்திரையின் விளிம்பு அந்த மஞ்சள் பட்டையின் குறுக்கே போகிறது. மற்ற இடத்தில் மசி காகிதத்துக்குள் இறங்கியிருக்கிறது. பட்டையின்மேல் மட்டும் இறங்காமல், எண்ணெய்மேல் விழுந்த தண்ணீர்போல் திட்டுத் திட்டாக நிற்கிறது.

அவள் விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது அப்படித்தான் இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "என்ன, பார்த்துட்டியா?"

"பசிக்குது மாமா," என்றாள் அவள். "சாப்பிட்டு வந்து இதைப் பார்க்கலாம்."

பொய். அந்த முத்திரையைப் பார்த்ததுமே பசி பறந்துபோயிருந்தது.

*

மாமனார் சாப்பிட்டுவிட்டு அங்கேயே நாற்காலியில் கண்ணயர்ந்தார். மருமகள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். 'ஃபியூமே முத்திரை பதித்த நோட்டு' என்று ஒரு வரி எழுதினால் போதும். அருங்காட்சியகத்தில் லென்ஸோடு யார் நிற்கப் போகிறார்கள்? மாமனாருக்கு மனசு குளிரும். ஆனால் கீழே அவள் பெயர் இருக்கும். என்றைக்காவது தெரிந்த ஒருவர் பார்த்தால் அவள் பெயர் மட்டுமா கெடும், மாமனாரின் மொத்தச் சேகரிப்பையும் சந்தேகப்படுவார்கள்.

சொன்னாலோ? வருஷக்கணக்கில் பிரிந்திருந்தவள், வந்த முதல் நாளே வீட்டின் பொக்கிஷத்தைப் போலி என்கிறாள் என்பார்கள். அதுவும் அவளைத் தனியாக விட்டுவிட்டு அவர் கீழே இறங்கிப் போன பிறகு.

"சாப்பாடு சரியில்லையா?" என்றார் மாமியார்.

"ஐயோ, நல்லா இருக்கு அத்தை."

அத்தை என்ற சொல் தன்னால் வந்து விழுந்துவிட்டது. மாமியார் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மேல ஏதோ கண்டுபிடிச்சிருக்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"உன் மூஞ்சியிலதான் எழுதி ஒட்டியிருக்கே. நல்ல சேதியா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

மாமியார் நாற்காலியில் தூங்கும் கணவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் வேலை பார்த்தப்போ எத்தனையோ கெட்ட சேதி என் கை வழியாப் போயிருக்கு. இந்த ஆளு தாங்குவாரா மாட்டாரான்னு ஒருநாளும் நான் நடுவுல பிளக்கைப் பிடுங்கினதில்ல. தாங்கறதும் தாங்காததும் கேட்கிறவங்க பாடு." பிறகு தட்டைப் பார்த்துவிட்டு, "முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட கெட்ட சேதி சொல்லாதே, குரல் நடுங்கும்," என்றார்.

அவள் சாப்பிட்டாள்.

*

மாடியில், மாமனார் உட்கார்ந்தபிறகு சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, நோட்டு அசல். ஆனா முத்திரை அந்தக் காலத்துல குத்தினது இல்ல."

அவர் கையை நீட்டினார். லென்ஸைக் கொடுத்தாள். மஞ்சள் பட்டையைக் காட்டினாள்.

"இது செலோ டேப் பசை. முத்திரைக்கு மேல டேப்பை ஒட்டியிருந்தா, அதுக்கு முன்னாடியே மசி காகிதத்துல ஊறியிருக்கும். இங்க ஊறல பாருங்க. பசைக்கு மேல நிக்குது. அப்போ டேப்புக்கு அப்புறம்தான் முத்திரை. ஃபியூமேயில இந்த முத்திரை குத்தினப்போ உலகத்துல செலோ டேப்பே கிடையாது. அது வர இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு."

மாமனார் வெகு நேரம் பார்த்தார். ரேடியோவில் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைத் தேடுகிறவர்போல் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு பார்த்தார்.

"ஆமா. நிக்குது." லென்ஸைக் கீழே வைத்தார். "அப்போ அந்தக் கிழவன் என்னை ஏமாத்திட்டானா?"

"அவரையே யாராவது ஏமாத்தியிருக்கலாம், மாமா. இதுல போலி ஏராளம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அவள் விளக்கை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கீழே கார் வந்து நின்ற சத்தம். படியில் குதிகால் செருப்பு டக்டக்கென்று ஏறியது.

நாத்தனார். மாமனாரின் மூத்த மகள். பல் டாக்டர். கிளினிக்கில் இரண்டு நோயாளிக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஓடிவந்திருக்கிறாள். எதையும் உட்கார்ந்து பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அப்பா, மியூசியம் அதிகாரி பெட்டிமேல வைக்கப்போற பலகையோட மாதிரிப் படம் அனுப்பியிருக்கார். வெள்ளிக்கிழமை நேர்ல வரார்." செல்போனைத் தூக்கிக் காட்டினாள். "'ஃபியூமே முத்திரை பதித்த அரிய நோட்டு.' கீழே உங்க பேரு. எவ்வளவு பெருசா போட்டிருக்காங்க பாருங்க!"

மாமனார் பார்க்கவில்லை. "அது வேண்டாம்மா. அந்த முத்திரை போலியாம்."

"யார் சொன்னது?"

மாமனார் பதில் சொல்வதற்குள் நாத்தனாரின் பார்வை மருமகள்மேல் வந்து நின்றது.

"நான்தான் அண்ணி," என்றாள் மருமகள். டேப், பசை, மசி என்று மறுபடியும் சொன்னாள்.

நாத்தனார் கேட்டாளா என்று தெரியவில்லை. "சட்டத்தை யார் பிரிச்சது?"

"மாமாதான்."

"நோட்டு எவ்வளவு நேரம் உன்கிட்ட தனியா இருந்தது?"

ஒரு கேள்விதான். ஆனால் அதன் வால் எங்கே போய் முடிகிறது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

"நான் யாரையும் எதுவும் சொல்லல," என்று நாத்தனார் சீக்கிரமாகச் சொன்னாள். "சுவத்துல இவ்வளவு காலம் நல்லா இருந்த நோட்டு, நீ தொட்ட அன்னைக்குப் போலியாயிடுச்சு. வெளிய நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? அப்பாவோட ஓய்வு நாளுக்கு நான் ஆசை ஆசையா சட்டம் போட்டுக் கொடுத்தது அது."

மருமகளுக்குக் காது சுட்டது. அலுவலகத்தில் கோடிக்கணக்கான மதிப்புள்ள காகிதம் அவள் கையில் வந்துபோகிறது. அங்கே ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. ஒருகாலத்தில் அவளுடைய வீடாக இருந்த இடத்தில் கேட்கிறார்கள். தன் பையை எடுத்து மேசைமேல் நாத்தனாருக்கு நேரே வைத்தாள்.

"பாருங்க அண்ணி."

"பையை எடு," என்றார் மாமனார். குரல் உயரவில்லை. ஆனால் அவர் அந்தக் குரலில் பேசி மகளே கேட்டதில்லை. "எடும்மா கீழ. இந்த வீட்டுல யாரும் உன் பையைத் திறக்க மாட்டாங்க."

நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா தன்னை விட்டுக்கொடுத்துவிட்டாரே என்ற ஆத்திரம் ஒருபுறம், தான் பேசியது தனக்கே கேட்ட சங்கடம் மறுபுறம். எதையாவது கையில் எடுக்க வேண்டும்போல் இருந்தது. சாய்த்துவைத்திருந்த அட்டையைத் தூக்கினாள். சட்டம் போட்ட கடையின் சீட்டு பின்னால் இன்னும் ஒட்டியிருந்தது.

"இதோ, நான் போட்டுக் கொடுத்த அட்டைகூட அப்படியே..."

பேச்சு நின்றது.

அட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கறையைத் தேடுகிற கண் அவளுடையது. வெள்ளை அட்டையில், நோட்டு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்குள், வலது ஓரத்தில், கோணலாக ஒரு மஞ்சள் கோடு.

"அந்த நோட்டைக் கொடு," என்றாள். பிறகு, "கை கழுவிட்டு வரேன், இரு," என்று போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

மருமகள் இடுக்கியால் நோட்டை எடுத்து அட்டைமேல் வைத்தாள். நாத்தனார் அதை மெல்ல நகர்த்தினாள். ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது. நோட்டின் மஞ்சள் பட்டை, அட்டையின் மஞ்சள் கோட்டுக்கு நேர்மேலே, அதே கோணலோடு உட்கார்ந்தது. வெயில் பட்டுப் பட்டு, பசை காகிதத்தைத் தாண்டி அட்டைவரை இறங்கியிருந்தது. ஒருநாளில் இறங்குகிற கறை இல்லை அது.

நாத்தனார் நெடுமூச்சு விட்டாள்.

"பல் அச்சு எடுத்த மாதிரி பொருந்துது." அப்பாவைப் பார்த்துச் சொன்னாள், மருமகளைப் பார்க்கவில்லை. "இது நான் சட்டம் போட்ட அதே நோட்டுதான். அன்னைக்கே இப்படித்தான் இருந்திருக்கு."

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"படம் எடுக்காம, எது சொத்தைன்னு பார்க்காம, நல்ல பல்லைப் பிடுங்கப் போயிட்டேன். தப்புதான். வலிச்சிருக்கும்."

"வலிச்சது அண்ணி," என்றாள் மருமகள்.

ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. நாத்தனாரும் அதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிளினிக்கிலிருந்து போன் அடித்தது. எடுக்கவில்லை.

மாமனார் தொண்டையைச் செருமினார். "சரி இன்ஸ்பெக்டர். இப்போ பட்டியல்ல என்ன எழுதுவ?"

"உள்ளதைத்தான் மாமா. நோட்டு அசல், ஃபியூமே முத்திரை பின்னாளில் குத்தப்பட்ட போலி."

"அந்த ரேடியோ கதை?"

"முழுக் கதை வராது. ஆனா எப்படிக் கிடைச்சதுன்னு ஒரு வரி கட்டாயம் எழுதணும்." தட்டச்சு செய்துகொண்டே படித்தாள். "'சேகரித்தவர், துறைமுகக் கடை ஒன்றில் ரேடியோ பழுதுபார்த்ததற்கு அன்பளிப்பாகப் பெற்றது.'"

மாமனார் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"அந்த ரேடியோ எப்படிப் பாடிச்சு தெரியுமா? தெருவுல போனவங்க நின்னு கேட்டாங்க." சட்டென்று முகம் மலர்ந்தது. "முத்திரை பொய்யா இருக்கட்டும். நான் பண்ணிக் கொடுத்த ரிப்பேர் அசல். என் பங்குல கலப்படம் இல்ல."

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "மியூசியத்துக்கு யார் சொல்றது? இதை நம்பித்தானே அவங்க பெட்டியே தர்றேன்னாங்க."

"நானே சொல்றேன்," என்றார் மாமனார். "வெள்ளிக்கிழமை வந்து நின்னு அவர் ஏமாறக்கூடாது."

கீழே இறங்கிப்போய் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதிகாரியின் எண்ணைத் தானே அழுத்தி, அந்தப் பக்கம் ஆள் வந்ததும், "ஒரு நிமிஷம், பேசுங்க," என்று அந்தப் பழைய வேலைக் குரலில் சொல்லிக் கணவர் கையில் கொடுத்தார். மாமனார் நின்றுகொண்டே பேசினார். எதையும் விடாமல் சொன்னார்.

"என்ன சொன்னார்?" என்றாள் நாத்தனார், போனை வைத்ததும்.

"பட்டியலைக் கொண்டுவந்து காட்டுங்க, மத்த நோட்டுகளையும் பார்த்துட்டு முடிவு சொல்றேன்னார். தர மாட்டேன்னும் சொல்லல, தர்றேன்னும் சொல்லல." மாமனார் மருமகளைப் பார்த்தார். "அப்போ இன்னும் இருக்கிற ஆல்பமெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள முடியணும். பல்கேரியாக்காரன் எவன் எவன் எங்க ஒளிஞ்சிருக்கானோ."

நாத்தனார் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பிவந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். சொல்லும்போது மருமகள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வேகமாகப் போய்விட்டாள்.

மருமகள் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டு கீழே வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. செருப்பை மாட்டக் குனிந்தாள். மாமியார் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வருவ?"

"பத்து மணி ஆகும் அத்தை. அலுவலகத்துல தலையைக் காட்டிட்டு வரணும்."

"முடியாது. ஒன்பதுக்கே வந்துடு."

"ஏன்?"

மாமியார் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டரம்மா காலையிலேயே தம்பிக்குப் போன் பண்ணி நீ வரப்போறதைச் சொல்லியிருக்கா. சும்மா இருக்க முடியாதே அவளுக்கு. அவன் இன்னைக்கு ராத்திரி வண்டி ஏறுறானாம். காலையில பத்து மணிக்கு இங்க இருப்பான்."

மருமகளின் கை செருப்பு வாரிலேயே நின்றுவிட்டது. நாளைக்கு வர முடியாது என்று சொல்ல ஒரு நல்ல காரணம் தேடினாள். நாள் முழுக்கப் போலியைத் தேடிக் கண்டுபிடித்த தலையில், இப்போது ஒரு சின்னப் பொய்கூட அகப்படவில்லை.

"அவர் எதுக்கு வரார்? என்ன சொல்லிட்டு வரார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? லைன் போட்டுக் கொடுக்கிறதுதான் என் வேலை. என்ன பேசிக்கிறீங்கன்னு நான் கேட்கிறதில்ல." மாமியாரின் கை சுவரைவிட்டு இவள் தோளுக்கு வந்தது. "அவனுக்கு முன்னாடி நீ வந்து மேல உன் வேலையில உட்கார்ந்திரு. நாளைக்கு இந்த வீட்டுக்கு வர்றவன் அவனா இருக்கட்டும். இருக்கிறவ நீயா இரு."